மரியான் பர்த்தோலி: ஒரு விம்பிள்டன் பட்டத்துக்கு முன்னும் பின்னும்

பிரான்சின் டென்னிஸ் வீராங்கனை மரியான் பர்த்தோலியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் இரண்டு செய்திகளுக்குள் முடிந்துவிடுகிறது. 2013 ஜூலை 6ஆம் தேதி அவர் விம்பிள்டன் மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். ஆறு வாரங்கள்கூட நிறைவதற்குள், ஆகஸ்ட் 14ஆம் தேதி, 28 வயதில் ஓய்வை அறிவித்தார். முதல் செய்தியை அதிர்ஷ்டம் என்றும், இரண்டாவதை விசித்திரம் என்றும் தள்ளிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் ஆடிய ஆட்டங்களைப் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் தொடர்ந்து கவனித்தவன் என்ற முறையில், அந்த இரண்டுக்கும் ஒரே காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் எங்கே, யாரிடம், எப்படி டென்னிஸ் கற்றுக்கொண்டார் என்பதே அந்தக் காரணம்.

பர்த்தோலி 1984 அக்டோபர் 2ஆம் தேதி, பிரான்சின் நடுப்பகுதியில் மலைப்பாங்கான ஓத்-லுவார் மாவட்டத்தைச் சேர்ந்த ல பூய்-ஆன்-வெலே நகரில் பிறந்தார். வளர்ந்தது அதே மாவட்டத்தில் உள்ள ரெத்தூர்னாக் என்னும் சிற்றூரில். தந்தை வால்ட்டர் பர்த்தோலி கோர்சிகாத் தீவை வேராகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர், தாய் செவிலியர். தந்தைக்கு டென்னிஸ் பயிற்றுநர் என்ற பின்னணி எதுவும் கிடையாது. ஒரு நோயைப் படித்துப் புரிந்துகொள்வதைப் போலவே அவர் டென்னிஸையும் படித்துப் புரிந்துகொண்டார். தனக்குச் சரியென்று பட்டதை மகளிடம் சோதித்துப் பார்த்தார். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் தொடங்கி இரவு வெகு நேரம் வரை பயிற்சி என்பதுதான் அந்தச் சிறுமியின் நாளாக இருந்தது. பிற்காலத்தில் தந்தை மருத்துவத் தொழிலையே விட்டுவிட்டு, மகளுடன் ஊர் ஊராகப் போகும் முழுநேரப் பயிற்றுநர் ஆனார்.

குளிர்காலத்தில் அவர்கள் பயிற்சி செய்த உள்ளரங்கம் மிகச் சிறியது. களத்தின் பின் எல்லையான பேஸ்லைன் கோட்டுக்குப் பின்னால் சுவர் நெருங்கி நின்றது. பின்னால் போய் நின்று, துள்ளி எழும் பந்து கீழே இறங்கும்வரை காத்திருந்து அடிக்க அங்கே இடமே இல்லை. ஆகவே பந்து தரையில் பட்டு எழும்போதே, முன்னால் போய் அடித்தாக வேண்டியிருந்தது. வேறொரு குடும்பமாக இருந்திருந்தால், நல்ல களம் இருக்கும் ஊருக்குக் குடிபெயர்ந்திருக்கும். வால்ட்டர் பர்த்தோலியோ அந்தக் குறையையே ஒரு முறையாக மாற்றினார்.

அந்த முறையின் இன்னொரு பாதி 1992ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஓப்பன் இறுதி ஆட்டத்திலிருந்து வந்தது. மோனிக்கா செலஸ் ஸ்டெஃபி கிராஃபை மூன்றாவது செட்டில் 10-8 என்று வென்ற அந்த நெடிய ஆட்டத்தைப் பார்த்த தந்தை, ஃபோர்ஹேண்டையும் (மட்டை பிடிக்கும் கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது) பேக்ஹேண்டையும் (மறுபக்கம் வருவதை அடிப்பது) இரண்டு கைகளாலும் அடிக்கும் செலஸின் பாணியைத் தன் மகளுக்கும் கற்றுத்தர முடிவு செய்தார். அப்போது மரியானுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை.

இந்தப் பாணியின் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இரண்டு கைகளால் மட்டையைப் பிடித்தால் அடி திருத்தமாக விழும். மட்டையை அதிகம் பின்னுக்கு இழுக்காமலே வேகம் கிடைக்கும். பந்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதை எதிராளி கடைசி நொடிவரை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கை நீட்டும் தூரம் குறைந்துவிடும். ஒரு கையால் ஃபோர்ஹேண்ட் அடிப்பவர் எட்டிப் பிடிக்கும் பந்துக்கு, இரு கைகளால் அடிப்பவர் கூடுதலாக ஓரடி எடுத்து வைக்க வேண்டும். மூன்று செட் ஆட்டத்தில் அந்த ஓரடி நூற்றுக்கணக்கான அடிகளாகப் பெருகும். இந்தக் குறையை ஈடுகட்ட ஒரே வழி, கோட்டுக்குள் முன்னேறி நின்று, பந்து பக்கவாட்டில் விரிந்து போவதற்கு முன்பே அதைச் சந்திப்பது. முன்னால் நிற்பவருக்குக் கடக்க வேண்டிய அகலம் குறைவு. எதிராளிக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. சின்ன அரங்கம் கட்டாயப்படுத்திய இடமும், இரண்டு கைப் பிடி கேட்ட இடமும் ஒன்றாகவே அமைந்தன. சாதாரண அளவைவிட நீளமான மட்டையை அவர் பயன்படுத்தியதும் கைநீட்டக் குறையைச் சரிக்கட்டத்தான்.

முதல் முயற்சி தவறியபின் எதிராளி மெதுவாகப் போடும் இரண்டாவது சர்வீஸை எதிர்கொள்ளும்போது அவர் நின்ற இடத்தைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். மற்றவர்கள் கோட்டை ஒட்டியோ அதற்குப் பின்னாலோ நிற்கும்போது, பர்த்தோலி களத்துக்குள் பல அடி முன்னேறி நின்றார். சர்வீஸ் போடுபவருக்கு அது ஒரு மிரட்டல். மகளிர் டென்னிஸில் அக்காலத்தில் அவரைவிடச் சிறப்பாக சர்வீஸைத் திருப்பி அடித்தவர்கள் மிகச் சிலரே என்பது என் துணிபு.

அவருடைய சொந்த சர்வீஸ் அப்படியல்ல. அதன் அசைவை அவரும் தந்தையும் ஆண்டுக்காண்டு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பார்க்கவும் இயல்பாக இருந்ததில்லை. பயிற்சி முறைகளும் விநோதமானவை: குதிகால் தரையில் படாமல் முன்பாதத்திலேயே நிற்கப் பழகுவதற்காகக் காலணியில் பந்துகளைக் கட்டிக்கொள்வது, உடலோடு ரப்பர் பட்டைகளைப் பிணைத்துக்கொண்டு அவற்றின் இழுப்பை எதிர்த்து அடித்துப் பழகுவது என்று பலவும் செய்தார்கள். ஒரு புள்ளி முடிந்து அடுத்த புள்ளி தொடங்குவதற்குள் எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறுங்காற்றில் மட்டையைச் சுழற்றி, துள்ளிக் குதித்து, முஷ்டியை மடக்கி அவர் செய்த சடங்குகள் பலருக்கு எரிச்சலூட்டின. என்னைக் கேட்டால், அது பிறரைத் தொந்தரவு செய்வதற்கான தந்திரம் அல்ல. ஒவ்வொரு பந்தையும் முன்கூட்டியே அடிக்க வேண்டியவர் தன் கால்களை ஒரு கணமும் உறங்கவிட முடியாது.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஓப்பன் இளையோர் பட்டத்தை வென்றார். இறுதியில் தோற்றவர் ரஷ்யாவின் ஸ்வெத்லானா குஸ்நெட்சோவா. பெரியவர்களுக்கான முதல் பட்டம் வருவதற்கு 2006ஆம் ஆண்டின் ஆக்லாந்து போட்டிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் டோக்கியோவிலும் கியூபெக் நகரிலும் மேலும் இரண்டு பட்டங்கள் கிடைத்தன. நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான் என்று அதுவரை எல்லோரும் நினைத்திருந்தனர்.

2007 விம்பிள்டன் அந்த எண்ணத்தை மாற்றியது. போட்டித் தரநிலையில் (போட்டி நடத்துபவர்கள் முன்னணி ஆட்டக்காரர்களுக்குத் தரும் வரிசை) 18ஆம் இடத்திலிருந்த அவர், நான்காம் சுற்றில் யெலெனா யான்கோவிச்சை வென்று அரையிறுதிவரை வந்தார். அங்கே காத்திருந்தவர் உலகின் முதல்நிலை வீராங்கனையும், சில வாரங்களுக்கு முன்புதான் பிரெஞ்சு ஓப்பனை வென்றவருமான ஜஸ்டின் எனின். முதல் செட் 1-6 என்று போனது. பிறகு 7-5, 6-1. ஆட்டத்துக்குப் பின், அரச குடும்ப விருந்தினர் மாடத்தில் நடிகர் பியர்ஸ் பிராஸ்னன் அமர்ந்திருப்பதைக் கண்டதும் அவர் முன்னிலையில் இவ்வளவு மோசமாக ஆடக்கூடாது என்று தோன்றியதாக பர்த்தோலி சொன்னார். செய்தித்தாள்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எனினின் சர்வீஸை எங்கே நின்று, எப்படித் திருப்பி அடித்துத் தகர்த்தார் என்பதை எழுத எவருக்கும் இடம் மிஞ்சவில்லை. இறுதியில் வீனஸ் வில்லியம்ஸ் 6-4, 6-1 என்று அவரை எளிதாக வென்றார்.

அதற்குப் பிந்தைய ஐந்தாண்டுகளில் அவர் ஒரு காட்டு விலங்கைப் போலத் தனித்தே திரிந்தார். இதற்கு அவருக்கும் பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்புக்கும் இடையே நிலவிய பிணக்கே காரணம். பிரான்சின் முறை, திறமையுள்ள சிறுவர்களை இளமையிலேயே கண்டறிந்து, கூட்டமைப்பின் பயிற்சி மையங்களில் கூட்டமைப்பின் பயிற்றுநர்களிடம் வளர்ப்பது. அந்த ஏற்பாட்டுக்கு வெளியே, ஒரு மருத்துவர் தன் மகளை ஊர் அரங்கில் வைத்து உலகத்தரத்துக்கு வளர்த்துவிட்டார் என்பதே அந்த அமைப்புக்குச் சற்றுச் சங்கடமான செய்திதான். நாடுகளுக்கிடையிலான ஃபெட் கோப்பையில் ஆட அழைக்கப்பட்டபோது, அங்கேயும் தந்தையே தனக்குப் பயிற்சி தர வேண்டும் என்று பர்த்தோலி கேட்டார். அணியில் தனிப்பட்ட பயிற்றுநர்களுக்கு இடமில்லை என்று கூட்டமைப்பு மறுத்தது. இரு தரப்பும் இறங்கி வரவில்லை. 2004ஆம் ஆண்டுக்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் நாட்டுக்காக ஆடவே இல்லை.

இதன் விலையை அவர் 2012இல் கொடுத்தார். லண்டன் ஒலிம்பிக்கில் டென்னிஸ் ஆட்டங்கள் விம்பிள்டன் புல்தரையில்தான் நடந்தன. அந்தத் தரையில் ஏற்கெனவே இறுதிவரை சென்றவர், உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருந்தவர், ஆனால் ஃபெட் கோப்பையில் ஆடாததால் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. விதி விதிதான் என்று வாதிடலாம். தேசிய அணிக்கு வர மறுத்தவரை ஒலிம்பிக்குக்கு மட்டும் ஏன் அழைக்க வேண்டும் என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு பயிற்றுநரை ஆட்டக்காரியின் பக்கத்தில் சில நாட்கள் அமரவிடுவதால் எந்த அணி கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த ஆண்டுகளை வெறும் காத்திருப்பு என்று சொல்வதும் தவறு. 2009 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய முதல்நிலை வீராங்கனை யான்கோவிச்சை 6-1, 6-4 என்று வென்றார். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு போட்டியின் இறுதியில் வீனஸ் வில்லியம்ஸை வென்று, 2007இன் கணக்கில் ஒரு பகுதியைத் தீர்த்துக்கொண்டார். 2011இல் பிரெஞ்சு ஓப்பன் அரையிறுதிவரை சென்று, முந்தைய ஆண்டின் சாம்பியன் ஃபிரான்செஸ்கா ஸ்கியாவோனேயிடம் தோற்றார். அடுத்து ஈஸ்ட்போர்ன் புல்தரையில் பெட்ரா குவிட்டோவாவை இறுதியில் வென்று பட்டம் பெற்றார். இரண்டு வாரங்கள் கழித்து விம்பிள்டனை வென்றவர் அதே குவிட்டோவா. 2012 ஜனவரியில் தரவரிசையில் 7ஆம் இடத்தை எட்டினார். அவ்வாண்டு மியாமியில், பருவத்தின் தொடக்கத்திலிருந்து 26 ஆட்டங்களில் தோல்வியே காணாதிருந்த முதல்நிலை வீராங்கனை விக்டோரியா அசரென்காவை 6-3, 6-3 என்று வீழ்த்தினார். எனின், யான்கோவிச், அசரென்கா என்று மூன்று முதல்நிலை வீராங்கனைகளை வென்ற ஒருவரின் பட்டத்தை அதிர்ஷ்டம் என்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை போலும்.

2011 விம்பிள்டனில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் சுற்றில் ஃபிளாவியா பென்னெட்டாவுடன் கடுமையான போராட்டம். முதல் செட்டை இழந்த நிலையில், பார்வையாளர் பகுதியில் இருந்த தன் பெற்றோரை வெளியே போகும்படி சைகை காட்டினார் பர்த்தோலி. அவர்கள் எழுந்து போனார்கள்; அவர் மூன்றாவது செட்டை 9-7 என்று வென்றார். அடுத்த சுற்றில் நடப்புச் சாம்பியன் செரினா வில்லியம்ஸை நேர் செட்களில் வெளியேற்றினார். பெற்றோரை அவமதித்துவிட்டார் என்று பலர் கண்டித்தனர். களைப்பும் கோபமும் சேர்ந்த நேரத்தில் நடந்த காரியம் அது என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும், தந்தையும் பயிற்றுநரும் ஒரே ஆளாக இருப்பதன் பாரம் அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது.

2013ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அந்தப் பயிற்சி உறவு முடிவுக்கு வந்தது. முன்னாள் விம்பிள்டன் சாம்பியன் யானா நோவோத்னாவுடன் சில நாள் பயிற்சி செய்து பார்த்தார், அது நீடிக்கவில்லை. பிரெஞ்சு ஃபெட் கோப்பை அணிக்குப் புதிய தலைவராக வந்திருந்த அமெலி மொரெஸ்மோ அவரைத் தேசிய அணிக்குத் திரும்ப அழைத்தார். கூட்டமைப்பு பல ஆண்டுகளில் செய்யாததை, 2006இல் விம்பிள்டனை வென்ற ஒரு சக ஆட்டக்காரி பேசியே சாதித்தார். தோமா துருவே என்பவர் பயிற்சித் துணையாகச் சேர்ந்துகொண்டார். அந்தப் பருவத்தில் விம்பிள்டனுக்கு முன்பு அவருடைய முடிவுகள் எடுத்துச் சொல்லும்படி இல்லை. தரநிலையில் 15ஆம் இடத்தில் நின்றவரைப் பற்றி எவரும் பேசவில்லை.

பிறகு வரிசையாகச் சரிவுகள். மரியா ஷரபோவா இரண்டாம் சுற்றில் தோற்றார். அசரென்கா முழங்கால் காயத்தால் விலகினார். செரினாவை ஜெர்மனியின் சபீனே லிசிக்கி வீழ்த்தினார். பர்த்தோலி முதல் பத்து இடங்களில் இருந்த ஒருவரையும் சந்திக்காமலே இறுதியை அடைந்தார். அவர் எதிர்கொண்டவர்களில் உயர்ந்த தரநிலை கொண்டவர் 17ஆம் இடத்திலிருந்த ஸ்லோன் ஸ்டீவன்ஸ். இதுதான் அதிர்ஷ்ட வாதத்தின் முழு ஆதாரம். ஆனால் மற்றவர்களைத் தோற்கடித்தவர்களைத்தான் அவர் தோற்கடித்தார்: அரையிறுதியில் அவர் 6-1, 6-2 என்று வென்ற கிர்ஸ்டன் ஃபிளிப்கென்ஸ் குவிட்டோவாவை வெளியேற்றியவர், இறுதியில் வந்த லிசிக்கி, செரினாவையும் அக்னியெஸ்கா ரத்வான்ஸ்காவையும் வென்றவர். ஏழு ஆட்டங்களிலும் பர்த்தோலி ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை.

ஸ்டீவன்ஸுக்கு எதிரான காலிறுதியில் அவருடைய பிடிவாதம் நன்றாகத் தெரிந்தது. முதல் செட்டில் 5-4 என்று முன்னணியில் இருந்தார். ஸ்டீவன்ஸின் சர்வீஸில் புள்ளிகள் சமநிலையில் நின்றபோது தூறல் விழுந்தது. புல் வழுக்குகிறது, ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று பர்த்தோலி கேட்டார். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. மழை விட்டு நெடுநேரம் கழித்து ஆட்டம் தொடங்கியதும் அடுத்த இரண்டு புள்ளிகளையும் எடுத்து செட்டை முடித்தார். குளிர்ந்த உடலோடு சர்வீஸ் போட வேண்டியவரின் நிலை எவ்வளவு கடினம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

இறுதி ஆட்டம் 81 நிமிடங்களே நீடித்தது. முதல் கேமில் இரட்டைத் தவறுகள் (இரண்டு சர்வீஸ் முயற்சிகளும் தவறுவது) செய்து தன் சர்வீஸை இழந்தார். அதன் பின் தொடர்ந்து ஆறு கேம்களை எடுத்து செட்டை 6-1 என்று முடித்தார். இரண்டாவது செட்டில் லிசிக்கியின் கண்களில் நீர் வந்துவிட்டது. எந்தச் சர்வீஸ் போட்டாலும் காலடியில் திரும்பி வந்து விழுகிறதே என்ற தவிப்பு அது. 5-1இல், பர்த்தோலி எடுத்திருந்தால் பட்டமே முடிந்திருக்கும் மூன்று புள்ளிகளை லிசிக்கி காப்பாற்றி 5-4 வரை வந்தார். இத்தகைய கட்டத்தில் கைநடுங்கி ஆட்டத்தைப் பறிகொடுத்தவர்களை விம்பிள்டன் நிறையக் கண்டிருக்கிறது. நோவோத்னாவே 1993 இறுதியில் அப்படித்தான் தோற்றார். பர்த்தோலி அந்தக் கேமைத் தடுமாறாமல் ஆடி, எதிராளி தொடவே முடியாத ஓர் ஏஸ் சர்வீஸோடு பட்டத்தை முடித்தார். ஆண்டுதோறும் கேலிக்கு ஆளான சர்வீஸ் அது.

அது அவர் ஆடிய 47ஆவது கிராண்ட் ஸ்லாம் போட்டி. முதல் பட்டத்துக்காக அவ்வளவு போட்டிகள் காத்திருந்த பெண் அதுவரை வேறெவரும் இல்லை. அதற்கு முன் அந்தக் கணக்கு 45 என்று நோவோத்னாவின் பெயரில் இருந்தது. விம்பிள்டன் ஒற்றையரை வென்ற பிரெஞ்சுப் பெண்கள் சுசான் லெங்லென், மொரெஸ்மோ, பர்த்தோலி என்று மூவர்தான். வெற்றி பெற்றவுடன் அவர் மாடத்தின் மேலேறித் தந்தையைக் கட்டிக்கொண்டார்.

அதே நாளில் பிபிசி வானொலியின் ஜான் இன்வர்டேல், பார்ப்பதற்கு நீ ஷரபோவாவைப் போல ஆகமாட்டாய், அதனால் போராடித்தான் ஆக வேண்டும் என்று தந்தை சிறுவயதில் மகளிடம் சொல்லியிருப்பாரோ என்னும் பொருளில் பேசினார். 674 பேர் புகார் அனுப்பினர்; பிபிசி மன்னிப்புக் கேட்டது. தான் பொன்னிறக் கூந்தல்காரி அல்ல என்பது உண்மை, மாடல் அழகியாகும் ஒப்பந்தத்தைக் கனவு கண்டதில்லை, விம்பிள்டனை வெல்வதைக் கனவு கண்டது உண்டு என்று பர்த்தோலி அமைதியாகப் பதில் சொன்னார். மறு ஆண்டு அதே இன்வர்டேலுடன் அமர்ந்து விம்பிள்டனில் வர்ணனையும் செய்தார். நானாக இருந்தால் செய்திருப்பேனா என்பது சந்தேகம்.

ஆகஸ்டில் சின்சினாட்டியில் சிமோனா ஹாலெப்பிடம் 3-6, 6-4, 6-1 என்று தோற்ற இரவில் அவர் ஓய்வை அறிவித்தார். முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆடியதும் குதிகால் தசைநாண், தோள், இடுப்பு, கீழ்முதுகு என்று எல்லா இடத்திலும் வலி தொடங்கிவிடுகிறது, இந்த உடலால் இனி முடியாது என்றார். தரவரிசையில் அப்போது அவர் மீண்டும் 7ஆம் இடத்தில் இருந்தார். விளம்பர ஒப்பந்தங்களும் காட்சிப் போட்டிகளும் கைக்கெட்டும் நேரத்தில் யாராவது விலகுவார்களா என்று வியந்தவர்கள் பலர். பந்தை முன்பாகவே சந்திக்க ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஓரடி ஓடி, இடுப்பை முழுதாகத் திருப்பி, இரண்டு கைகளாலும் அடித்தே பதின்மூன்று ஆண்டுகளைக் கழித்த உடல் அது. அது கடன் வாங்கித்தான் அந்தப் பட்டத்தை வென்றது. கடைசித் தவணை அந்த விம்பிள்டனில் தீர்ந்தது. பட்டம் கிடைக்காமல் போயிருந்தால் இன்னும் ஓராண்டு வலியோடு இழுத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

பிறகு ஓவியமும் ஆடை வடிவமைப்பும் பயின்றார். தொலைக்காட்சி வர்ணனையாளர் ஆனார். 2015இல் நியூயார்க் மாரத்தான் ஓடினார். 2016இல் உடல் மிகவும் மெலிந்து நோய்வாய்ப்பட்டார்; அவ்வாண்டு விம்பிள்டனின் முன்னாள் வீரர்களுக்கான ஆட்டத்தில் பங்கேற்க மருத்துவக் காரணங்களால் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதிலிருந்து மீண்டு, 2017 டிசம்பரில் மறுபடியும் ஆட வரப்போவதாக அறிவித்தார். 2018 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த காட்சிப் போட்டியில் ஆடவும் செய்தார். ஆனால் தோள் ஒத்துழைக்கவில்லை. ஜூன் மாதத்தில் அந்த முயற்சியைக் கைவிட்டார்.

2019 முதல் சில காலம் லாத்வியாவின் யெலெனா ஒஸ்டாபென்கோவுக்குப் பயிற்சி தந்தார். ஒஸ்டாபென்கோ ஒரு கையால் ஃபோர்ஹேண்ட் அடிப்பவர். ஆயினும் எதிராளியின் இரண்டாவது சர்வீஸுக்கு முன்னேறி நின்று, பந்து எழும்போதே அதைத் தட்டிப் பறிக்கும் ஆட்டம் அவருடையது. பர்த்தோலி அவரைத் தேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.